'நான்' என்று சொல்லத் தடை இருந்த நாடு

சாதி என்றதும் நமக்குக் கிணறும் தெருவும் கோயிலும் நினைவுக்கு வருகின்றன. வாயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. யார் எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பதையும் சாதிதான் முடிவு செய்தது.

திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871-ல் வெளியிட்ட நூலில் புலையர்களின் பேச்சைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தாங்கள் உண்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது. கரிக்காடி என்று சொல்ல வேண்டும். தம் பிள்ளைகளையே குரங்கு, கன்று என்று குறிப்பிட வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று மேல்சாதிக்காரர் மீது படாதபடி வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும்.

இதை வெறும் 'மரியாதை வழக்கம்' என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேட்பது, மறுப்பது, வாக்குக் கொடுப்பது, குற்றம் சாட்டுவது எல்லாமே பேச்சால் செய்யும் செயல்கள். அவற்றைச் செய்ய ஒரு 'நான்' வேண்டும். 'அடியன்' என்று தொடங்குகிறவர் கூலியைக் கேட்டாலும் அது பிச்சையாகத்தான் கேட்கும். அவர் 'மாட்டேன்' என்றால் அது திமிர். அதே சொல்லை நிலவுடைமையாளர் சொன்னால் அது முடிவு. சொல் ஒன்றுதான். சொல்கிறவரின் பிறப்பு அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

1855-ல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வெளியிட்டது. அரசர் சொன்னால் சட்டம்! ஆனால் மேட்டீரின் நூல் வந்தது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. சட்டத்தில் விடுதலை பெற்றவர்கள் பேச்சில் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள்.

இதை உடைக்க வந்தவர் அய்யன்காளி. 1863-ல் வெங்ஙானூரில் பிறந்த புலையர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1893-ல் தடை செய்யப்பட்ட சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்கள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது, உழைப்பாளிகள் வயலில் இறங்காமல் வேலையை நிறுத்தினார்கள். வாயால் சொன்னால் காதில் ஏறாத 'மாட்டேன்' என்ற சொல்லை, தரிசாகக் கிடந்த வயல் சொன்னது.

1912-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நியமன உறுப்பினராக எழுந்து, தம் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று கேட்டார். வாயைப் பொத்தியே பேச வேண்டும் என்று விதிக்கப்பட்ட சமூகத்தின் மனிதர், அரசின் சபையில் உரிமையோடு பேசினார். 'கொடுத்தார்கள், பேசினார்' என்று இதைச் சுருக்கக் கூடாது. வண்டியும் சங்கமும் வேலைநிறுத்தமும் முன்னால் நின்றதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது.

அந்தத் திருவிதாங்கூரில்தான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் இருந்தது. எனவே இது அயலார் கதையல்ல. இன்றும் நம் ஊர்களில் எழுபது வயது தலித் பெரியவரை ஆதிக்கசாதிச் சிறுவன் 'வாடா' என்கிறான். பெரியவர் பதிலுக்கு 'வாங்க சாமி' என்கிறார். பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. திட்டு தண்டனைக்கு உரியது. அந்தச் சிறுவனின் 'வாடா'வும் பெரியவரின் 'சாமி'யும் எந்த வழக்கிலும் வருவதில்லை.

அவற்றை நிறுத்தும் வேலை நம்முடையது. நம் பிள்ளைகள் யாரிடமும் தலை நிமிர்ந்து 'நான்' என்று தொடங்கட்டும்.