எரவாடாவில் ஒரு தாழி

புனேயில் இருபது முப்பது வருஷமாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு சனிவார்வாடா தெரியும், ராஜா கேள்கர் அருங்காட்சியகம் தெரியும். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இரண்டையும் காட்டி, லட்சுமி ரோட்டில் புடவை வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி விடுவோம். எரவாடாவில் டெக்கான் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் காட்சிக்கூடங்களுக்குப் போனவர்கள் சொற்பம். "அங்கே என்ன சார் இருக்கு, உடைஞ்ச பானைதானே!" என்பார்கள். ஆமாம், பானைதான். இந்தக் கட்டுரையே அந்தப் பானைகளைப் பற்றித்தான்.

1821இல் சமஸ்கிருதப் பாடசாலையாகத் தொடங்கிய இக்கல்லூரி, 1934இல் மூடப்பட்டு, 1939இல் ஆராய்ச்சி நிறுவனமாக மறுபடி திறந்தது. 1990இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இங்கே முதலில் வந்து சேர்ந்தது பானையல்ல, காகிதம். சாதாராவில் பாரஸ்னிஸ் என்பவர் திரட்டிவைத்த மராட்டியர் கால ஆவணங்களும் ஓவியங்களும் 1939இல் இங்கு கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு எச்.டி. சங்காலியா தொல்லியல் பேராசிரியராக வந்தார். அவரும் மாணவர்களும் ஜோர்வே, நேவாசா என்று ஊர் ஊராகத் தோண்டத் தோண்ட, கற்கால ஆயுதங்களும் மண்பாண்டங்களும் குவிந்தன. பேஷ்வா காலத்துக் கடிதமும் பல்லாயிரம் வருஷத்துக் கற்கோடரியும் ஒரே வளாகத்தில் சேர்ந்தது இப்படித்தான்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இனாம்காவ். புனே மாவட்டத்திலேயே, கோட் நதிக்கரையில் உள்ள ஊர். 1968 முதல் 1983 வரை தோண்டினார்கள். ஏறக்குறைய கி.மு. 1600 முதல் 700 வரை அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இறந்த குழந்தையை இரண்டு தாழிகளுக்குள் வைத்து, வாயோடு வாய் பொருத்திக் கிடத்தி, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பெரியவர்களைப் புதைக்கும்போது பாதங்களை வெட்டியிருக்கிறார்கள். ஆவி எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்பது அறிஞர்கள் ஊகம். ஒரு பெரியவரை மட்டும் நான்கு கால் வைத்த பெரிய மண்தாழிக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் ஊர்த்தலைவராக இருக்கலாம் என்கிறார்கள்.

தாழி என்றதும் நமக்கு ஆதிச்சநல்லூர் நினைவு வரும். "பார்த்தீங்களா, அப்பவே இங்கேயும் நம்ம ஆளுங்கதான்" என்று என்னோடு வந்த நண்பர் சொல்லியே விட்டார். ஆசைதான். ஆனால் அவசரம் கூடாது. இனாம்காவ் மக்கள் என்ன மொழி பேசினார்கள் என்று சொல்ல அங்கே ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. முறையும் வேறு. அங்கே தாழிக்குள் பெரும்பாலும் குழந்தைகள், அதுவும் வீட்டுக்குள்ளேயே. தாமிரபரணிக் கரையிலோ பெரியவர்களையும் தாழியிலிட்டு, ஊருக்கு வெளியே நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட இடுகாட்டில் வைத்திருக்கிறார்கள்; கூடவே இரும்பும் வெண்கலமும். இனாம்காவ் செம்புக் காலத்து ஊர்.

உறவு தேட வேண்டுமானால் விதர்பாவைப் பாருங்கள் என்பேன். நாக்பூர் பக்கம் மஹுர்ஜரி, நைகுண்ட் ஆகிய இடங்களில் கல்வட்டங்கள், கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் கிடைத்துள்ளன; நைகுண்டில் இரும்பு உருக்கும் உலையும் உண்டு. நொய்யல் கரைக் கொடுமணலிலும் கல்வட்டம், அதே நிறப் பானை, அதே உலை. இந்த ஒற்றுமை கண்ணால் காணக்கூடியது. ஆனால் இதற்கும் மொழி ஒட்ட முடியாது. தக்காணம் முழுக்கப் பரவிய ஒரு வழக்கம் என்பதுவரை சொல்லலாம்.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களில் ஒரு பகுதியை 1876இல் யாகோர் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூருக்குப் போயின. பாவம், தாழி கிடந்த ஊரில் பார்க்க ஒன்றும் இல்லாமலே நூறு வருஷத்துக்கு மேல் கழிந்தது. 2023இல்தான் தோண்டிய குழிமேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்தார்கள். லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள், கிளம்புமுன் ஒருநாள் கல்லூரியில் அனுமதி கேட்டு, பிள்ளைகளுக்கு எரவாடாத் தாழியைக் காட்டிவிடுங்கள். அங்கே போய்ப் பார்க்கும்போது என்ன வித்தியாசம் என்று அவர்களே சொல்லட்டும்.