கொங்கு ஆறுகளில் தூண்டில் வேட்டை

பவானி, மோயாறு, அமராவதி, இவை கலக்கும் காவிரி ஆகிய கொங்கு நாட்டு ஆறுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் தூண்டில் மீன்பிடிப்பு ஒரு வேட்டை விளையாட்டாக நடந்து வந்தது. சமையலுக்கோ சந்தைக்கோ மீன் தேடுவது இதன் நோக்கமன்று. பெரிய மீனைத் தூண்டிலில் மாட்டி, அதனோடு போராடிக் கரைசேர்ப்பதே இதன் இன்பம். இந்த வேட்டையின் முதன்மை இலக்காக இருந்தது மகசீர் எனப்படும் பெருங்கெண்டை. தமிழில் பூமீன் கெண்டை என்றும் இது குறிக்கப்பட்டுள்ளது. வேட்டைக்காரர்கள் தங்கள் பெருமைக்காக எழுதி வைத்த எடைக் கணக்குகளே, அம்மீன் இனம் மறைந்து வருவதைப் பிற்காலத்தில் காட்டிக்கொடுத்தன.

ஆங்கிலேயர்தான் தூண்டிலை விளையாட்டாக்கினர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது முழு உண்மையன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூல், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாகத் தூண்டில் மீன்பிடிப்பைச் சொல்கிறது. மீன் வகைகள், அவற்றுக்கேற்ற இரை, கயிறு, கோல் என விரிவாகவே அது பேசுகிறது. ஆங்கிலேயர் புதிதாகக் கொண்டுவந்தது கணக்கெழுதும் பழக்கம். எந்த நாள், எந்த மடு, எத்தனை ராத்தல் என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம்.

தாமசும் டேயும்

இந்திய ஆறுகளின் தூண்டில் வேட்டைக்கு முதல் கையேட்டை எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியாளரான இவர் தென்கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்தவர். 1873-ல் வெளிவந்த 'தி ராட் இன் இந்தியா' என்ற அவரது நூல், ஸ்காட்லாந்தின் சால்மன் மீனை மட்டுமே உயர்வாக எண்ணியிருந்த வெள்ளையர்களுக்கு மகசீரை அறிமுகப்படுத்தியது. மகசீர் தன் முட்டைகளை ஒரே தடவையில் இடுவதில்லை, கோழியைப் போலப் பகுதி பகுதியாக இடுகிறது என்பது அவர் வைத்த வாதம். 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார்.

அதே காலத்தவர் பிரான்சிஸ் டே. இராணுவ மருத்துவராக வந்து மீனியல் அறிஞராக மாறியவர். நீலகிரியின் அடிவாரத்தில் பவானி ஆற்றிலிருந்து மீன்களைச் சேகரித்து விவரித்தார். அவற்றுள் ஒரு சிறு கெண்டைக்கு ஆற்றின் பெயரையே வைத்தார். 'பொவானிக்கஸ்' என்ற அந்த அறிவியல் பெயரில் பவானி இன்றும் இருக்கிறது. இத்தனை கூர்மையாகப் பார்த்தவரின் காலத்திலும் காவிரிப் படுகையின் மிகப்பெரிய மகசீருக்குச் சரியான தனிப்பெயர் அமையவில்லை. முதுகில் காங்கேயம் காளையைப் போலத் திமில் எழுந்து, செம்மஞ்சள் துடுப்போடு இருந்த அந்த மீனை வேறு மகசீர் இனங்களோடு சேர்த்தே நூல்கள் குழப்பின.

தாமசும் டேயும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டனர். ஆற்று மீன் குறைந்து வருகிறது, சட்டம் வேண்டும் என்றனர். சிறுகண் வலை, மீனை மயக்கும் காய்கள், மீனின் வழியை அடைக்கும் மூங்கில் தடுப்புகள் ஆகியவற்றையே அவர்கள் குற்றம் சாட்டினர். 1879-ல் நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம், நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. கிராமத்தார் மேல் சுமத்திய பழியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஆற்றின் குறுக்கே அரசே பின்னர் எழுப்பிய சுவர்களோடு ஒப்பிட்டால், ஒரு மூங்கில் தட்டி எம்மாத்திரம்?

கோடையும் வெள்ளமும்

தூண்டில் வேட்டையின் பருவத்தை ஆறுதான் தீர்மானிக்கும். தென்மேற்குப் பருவமழையில் பவானியும் மோயாறும் செந்நிறமாகப் பெருகும். அந்தப் புதுவெள்ளத்தில்தான் மகசீர் மேலாற்றை நோக்கி ஏறிச் சென்று, கூழாங்கல் பரந்த இடங்களில் முட்டையிடும். அப்போது தூண்டில் போடுவது வீண். கலங்கல் நீரில் இரை மீனின் கண்ணில் படாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்து, நீர் தெளிந்து இறங்கிய பின்னரே வேட்டை தொடங்கும். மார்கழி முதல் சித்திரை வரை நல்ல பருவம்.

கோடையில் ஆறு சுருங்கிப் பாறைகளுக்கு நடுவே மடுக்களாக நிற்கும்போது, பெரிய மீன்களெல்லாம் அந்த மடுக்களில் ஒதுங்கும். அவை நண்டு, நத்தை, சிறுமீன், கரையோர அத்திமரத்திலிருந்து உதிரும் பழம் என எதையும் தின்னும். காவிரியில் கேழ்வரகு மாவைப் பிசைந்து அவித்த உருண்டையே புகழ்பெற்ற இரையாக இருந்தது. மேனாட்டுக்காரர்கள் பளபளக்கும் உலோகத் தகடுகளோடு வந்து, கடைசியில் களி உருண்டைக்கு மாறினார்கள்! இதே கோடைதான் மீனுக்கு மிகவும் ஆபத்தான காலமும். ஓராண்டின் மீனெல்லாம் ஒரு மடுவில் கூடியிருக்கையில் ஒரேயொரு வேட்டுப் போதும், குஞ்சோடு தாயும் மிதந்துவிடும்.

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் இன்றையதைவிட மிகப் பெரியது. கொள்ளேகால் வட்டம் 1956-ல் மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்துக்குப் போகும்வரை இம்மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே, உலகெங்கும் பேசப்பட்ட காவிரி மகசீர் நீர்ப்பகுதியின் தென்கரை நீண்டகாலம் கோயம்புத்தூர் ஆட்சியரின் எல்லைக்குள் இருந்தது. இந்த வரலாற்றைக் கர்நாடகத்துக்கு மட்டும் உரியதாக எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் மிகப்பெரியதாகச் சொல்லப்படுவது, 1946 மார்ச் 22 அன்று காவிரியின் துணையாறான கபினியில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஜே. டி வெட் வான் இங்கன் பிடித்த 120 ராத்தல் மீன். ஏறத்தாழ 54 கிலோ.

மலைமேல் டிரவுட், கீழே அணைகள்

மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரியில் வேறொரு கதை நடந்தது. உதகையின் குளிர்ந்த ஓடைகளில் தம் ஊர் டிரவுட் மீனை வளர்க்க வேண்டும் என்று 1860-களிலேயே ஆங்கிலேயர் முயன்றனர். பிரான்சிஸ் டேயும் அதில் ஈடுபட்டுத் தோற்றார். 1907-க்குப் பிறகு ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரவுட்டை அங்கே நிலைபெறச் செய்தார். கடல் கடந்து முட்டைகளைப் பனிக்கட்டியில் பொதிந்து கொண்டுவந்தவர்கள், மலையடிவாரத்தில் நீந்திய பெருங்கெண்டையின் குஞ்சுகளைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை.

இக்காலத்தில் கொங்கு நாட்டோடு தொடர்புடைய இன்னொருவர் பிரடெரிக் நிக்கல்சன். 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் இவர்தான். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவாகக் காரணமாக இருந்தார். ஆனால் அவர் அக்கறை பெரும்பாலும் கடலோர மீனவர் பக்கமே சென்றது. உள்நாட்டு ஆறு பின்தங்கியது.

பின்னர் அணைகள் வந்தன. கொங்கு நாட்டில் கொடிவேரி, காலிங்கராயன் போன்ற பழைய அணைக்கட்டுகள் பல நூற்றாண்டுகளாக உண்டு. அவை வெள்ளம் மேலே வழிந்தோடும் தாழ்ந்த தடுப்புகள். 1934-ல் முடிந்த மேட்டூர் அணை அப்படிப்பட்டதன்று. பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் 1955-ல் பவானிசாகர் முடிந்தது. அமராவதி, பில்லூர் அணைகளும் அடுத்தடுத்து எழுந்தன. பாசனமும் மின்சாரமும் கொங்கு நாட்டை மாற்றியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வெள்ளத்தோடு ஏறிச்சென்று முட்டையிடும் மீனுக்கு இவை ஒவ்வொன்றும் அடைத்த கதவு. நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு முதலிய வடநாட்டுக் கெண்டைகள் விடப்பட்டன. 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு குளங்களை நிறைத்தது. இன்று கோவைக் குளக்கரைகளில் தங்கூசியும் தக்கையுமாக உட்கார்ந்திருப்போர் அதிகமாக இழுப்பது அதைத்தான்.

எடை கூடியதன் பொருள்

விடுதலைக்குப் பின் பெரிய மகசீர் அற்றுப்போனதாகவே பலரும் நம்பினர். 1977-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு தூண்டில் குழு காவிரியில் மீண்டும் பெருமீன்களைப் பிடித்துக் காட்டியது. அதன்பின் பீமேசுவரி, கலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் வளர்ந்தன. பிடித்த மீனை எடைபோட்டு, படமெடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர்.

மீன்வளத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தோடு வேறொன்றும் நடந்தது. மகாராட்டிரத்தின் லோணாவ்ளாவில் டாட்டா மின் நிறுவனத்தின் பண்ணையில் நீலத்துடுப்பு மகசீர் செயற்கையாகப் பெருக்கப்பட்டு, அதன் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்கும் போயின. அவை காவிரியிலும் விடப்பட்டன. அது கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த இனம், காவிரிக்கு அயலார். அன்று இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. மகசீர் மகசீர்தானே என்பதே எல்லோருடைய நினைப்பும்.

கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட பிடிப்புக் குறிப்பேடுகளை ஏட்ரியன் பிண்டரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டனர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அது. மொத்தப் பிடிப்பு கூடிக்கொண்டே போயிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு செழிப்பாக இருந்தது. இனவாரியாகப் பிரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கூடியவை அனைத்தும் நீலத்துடுப்பு மீன்கள். திமில் மகசீரின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்து, பிடிபட்ட மீன்களின் எடை மட்டும் ஏறியிருந்தது. எடை ஏறியதை வேட்டைக்காரர்கள் அதிர்ஷ்டம் என்று கொண்டாடியிருப்பார்கள். அதன் பொருள் வேறு. குட்டி மீன்களே சேரவில்லை, எஞ்சிய கிழமீன்கள் மட்டும் மேலும் முதிர்ந்து கனத்துக்கொண்டிருந்தன.

அப்போதும் அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லை. பெயரில்லாத இனத்தை அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. விடை கொங்கு ஆறுகளிலிருந்தே வந்தது. மோயாற்றில் கிடைத்த திமில் மகசீரின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வு 2018 ஜூனில் வெளிவந்தது. மறையூர்ப் பக்கமிருந்து இறங்கி உடுமலை அருகே அமராவதியாகும் பாம்பாற்றில், கேரள ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் முன்பு சிறு மீன்களைக் கொண்டு விவரித்திருந்த இனமும் இதுவும் ஒன்றே என்று அது நிறுவியது. மீனியல் அறிஞர் ரேமா தேவியின் பெயரால் அமைந்த 'டோர் ரேமாதேவி' என்பதே அதன் பெயர். தாமசின் நூல் வெளிவந்து 145 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே ஆண்டு இறுதியில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக, அற்றுப்போவதற்கு முந்தைய நிலையில் வைத்தது.

காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் 2012-ல் தூண்டில் முகாம்கள் நிறுத்தப்பட்டன. காட்டுக்குள் வேட்டை விளையாட்டு கூடாது என்பது சட்டத்தின் பார்வை. முகாம் போனதால் மடுக்களைக் காவல்காத்த ஆட்களும் போய்விட்டார்கள் என்பது எதிர்த்தரப்பின் முறையீடு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இழப்பு ஒன்று தெளிவு. 2012-க்குப் பின் அந்த நீர்ப்பகுதியில் மீன்களின் நாள்வாரிக் கணக்கை எழுத அந்தக் குறிப்பேடுகள் இல்லை.

மோயாறு இப்போது முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடே பாய்ந்து, தெங்குமரகடா ஊரைத் தொட்டுப் பவானிசாகருக்கு இறங்குகிறது. அங்கே தூண்டில் போட அனுமதி இல்லை. திமில் மகசீருக்கு எஞ்சிய மிகச்சில இருப்பிடங்களில் இந்த ஆறு முதன்மையானது. மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் வெள்ளமும், மேலேயுள்ள மின்நிலையங்கள் திறந்துவிடும் நீரும் சேர்ந்து அதன் மடுக்களின் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன.