என்ன கிளை?

நெல்லை, இராமநாதபுரம் பக்கத்துக் கொண்டையங்கோட்டை மறவர் வீடுகளில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், வெற்றிலைத் தட்டு நகர்வதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "நீங்க என்ன கிளை?" இரு வீட்டாருக்கும் ஒரே கிளை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை.

இந்தக் கிளைகள் எந்த மரத்தில் இருக்கின்றன? எட்கர் தர்ஸ்டன் 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சு, பனை என்று 6 மரங்கள். மரத்துக்குக் கொத்து என்றும் பெயர். ஒவ்வொரு கொத்துக்கும் 3 கிளைகள், ஆக 18. கிளை வேறாக இருந்தாலும் கொத்து ஒன்றாக இருந்தால் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்ந்தவர்கள்.

கடைசி விதியை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரே கூரையின்கீழ் அப்பா பனை, அம்மாவும் பிள்ளைகளும் தென்னை. பள்ளிக்கூடத்தில் 'குடும்ப மரம்' வரையச் சொல்கிறார்களே, அடியில் பாட்டனாரை நிறுத்தி மேலே பிள்ளைகளைத் தொங்கவிடும் அந்தப் படத்தில் இந்த வீடு அடங்காது. குடும்ப மரம் என்பதே வெளியிலிருந்து வந்த தொடர்தான். நம்மிடம் இருந்த சொல் கொடிவழி. தொப்புளில் இருப்பதும் கொடி, பேறுகாலத்தில் பிள்ளைக்குப் பின்னால் வருவதும் நஞ்சுக்கொடி.

அந்த 6 மரங்களை இன்னொரு முறை பாருங்கள். மிளகும் வெற்றிலையும் கொடிகள். மற்ற நான்கும் தொல்காப்பியத்தின்படி மரமே அல்ல, புல். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று அதன் மரபியல் பகுதி பிரிக்கிறது. பனையைப் பிளந்தவர்களுக்கு இது தெரியும்: கோடரி திணறுவதெல்லாம் ஓரத்தில்தான், நடுவில் சோறு. இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, கமுகு, ஈச்சு நான்கையும் ஒரே குடும்பத்தில் வைத்து, புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. மிளகும் வெற்றிலையும் இன்னொரு குடும்பம். உறவுக்குப் பெயர் வைத்தவர்கள் ஆலையும் வேம்பையும் விட்டுவிட்டு, கொடியையும் புல்லையுமே எடுத்திருக்கிறார்கள். பனையும் தென்னையும் பொதுவாகக் கிளை விடுவதுமில்லை. ஆகவே கிளை என்ற சொல் இந்த மரங்களைப் பார்த்து வந்திருக்க முடியாது. உறவு என்ற பொருளில் அது முன்பே ஊறிப்போன சொல்.

எவ்வளவு முன்பு? குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் கடுவன் செத்துப்போகிறது. கைம்மையைத் தாங்க மாட்டாத மந்தி, மரமேறக்கூடக் கற்காத தன் குட்டியைக் கிளையிடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அங்கே கிளை என்றால் சுற்றம். குரங்குக்கு இருப்பிடமும் கிளை, போக்கிடமும் கிளை. யாழ் இசையிலும் இந்தச் சொல் உண்டு. ஒரு நரம்பிலிருந்து எண்ணி வரும் ஐந்தாம் நரம்பு அதற்குக் கிளை. நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை. ஐந்தாம் சுரம் சேர்ந்து ஒலிப்பதைக் காதால் கேட்டவர்கள் அதற்கு உறவின் பெயரைக் கொடுத்தார்கள்.

இலக்கணத்திலும் ஒரு மரம் நிற்கிறது. முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. முதல் என்றால் அடிமரம், சினை என்றால் கிளை. கருவுற்ற மாட்டைச் சினைமாடு என்கிறோமே, அந்தச் சினையும் ஒலியில் இதுவேதான்.

மரத்தின் சொல் மனிதர்களுக்கு வந்ததுபோல, வீட்டின் சொல்லும் மரத்துக்குப் போயிருக்கிறது. பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்களை ஓரறிவுயிர்க்கும் சொல்லலாம் என்று மரபியல் இடம் தருகிறது. நாம் இன்றும் பிசகுவதில்லை. மாவுக்கும் வாழைக்கும் கன்று, நெல்லுக்கு நாற்று, தென்னைக்கு மட்டும் பிள்ளை.

முளைவிட்ட நெற்று ஒன்றை உடைத்துப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். உள்ளே தண்ணீர் இருந்த இடத்தில் வெண்மையாக, பஞ்சுபோல ஒரு பூ. அது பருப்பை மெல்ல மெல்லக் கரைத்து முளைக்கு ஊட்டுகிறது. ஓலை விட்டு வேரோடிய பிறகும் மாதக்கணக்கில் பிள்ளை காயை விடுவதில்லை. அதனால்தான் நாற்றங்காலில் தென்னம்பிள்ளையை ஓலையைப் பிடித்து இழுக்க விடமாட்டார்கள். மண்வெட்டியை அடியில் கொடுத்து நெம்பி, காயோடு சேர்த்துத்தான் தூக்குவார்கள்.