சாம்பியன்ஷிப் டிரைவ், கதவு எண் 6

ஒரு கட்டிடத்தின் கதவு எண்ணே அதன் வரலாற்றைச் சொல்லுமா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் அப்படி ஒரு கட்டிடம் இருந்தது. டெட்ராய்ட் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஆபர்ன் ஹில்ஸ் என்ற புறநகரில். பெயர் 'பாலஸ்', அதாவது அரண்மனை. கடைசியாக அதன் முகவரி, எண் 6, சாம்பியன்ஷிப் டிரைவ். அங்கே குடியிருந்த கூடைப்பந்து அணிகள் வென்ற சாம்பியன் பட்டங்களின் எண்ணிக்கைதான் அந்த 6.

ஆறில் மூன்று டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்ற ஆண்கள் அணியுடையது. மீதி மூன்று டெட்ராய்ட் ஷாக் என்ற பெண்கள் அணியுடையது. சரி பாதி. ஆனால் அரண்மனைக்குள் இருவருக்கும் சம உரிமை இருந்ததா என்று கேட்டால் கதை வேறு.

முதலில் இந்த அரங்கம் ஏன் ஊருக்கு வெளியே போனது என்று பார்ப்போம். பிஸ்டன்ஸ் 1957-ல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் ஊரிலிருந்து டெட்ராய்ட் வந்த அணி. முதல் உரிமையாளர் ஃபிரெட் ஸோல்னர் பிஸ்டன் தயாரித்தவர், அதனால் இந்தப் பெயர். கார்களின் தலைநகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது!

ஆனால் டெட்ராய்ட் அப்போதே காலியாகத் தொடங்கியிருந்தது. 1950-ல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2010-ல் 7 லட்சத்துச் சொச்சம். தொழிற்சாலைகள் வெளியேறின, வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போயின, 1967 கலவரத்துக்குப் பிறகு அந்த ஓட்டம் இன்னும் வேகமானது. டிக்கெட் வாங்குகிறவர்கள் போன திசையில் அணியும் போனது. 1978-ல் நகரின் நடுவே இருந்த கோபோ அரங்கத்தை விட்டு, புறநகரான போண்டியாக்கில் சில்வர்டோம் என்ற பிரம்மாண்டமான கால்பந்து அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1988 இறுதிச்சுற்றில் ஒரே ஆட்டத்துக்கு 41,732 பேர் வந்தார்கள். கூட்டம் பெரிதுதான். ஆனால் கூரை வேறொருவருடையது, வாடகை வீடு.

அணியை 1974-ல் வாங்கியிருந்த பில் டேவிட்சன் கண்ணாடித் தொழிலில் பணம் சேர்த்தவர். சொந்த வீடு கட்ட முடிவு செய்தார். 1988-ல் திறந்த பாலஸுக்கு ஆன செலவு சுமார் 7 கோடி டாலர், முழுக்கத் தனியார் பணம். பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'சூட்' எனப்படும் சொகுசு அறைகளை அதுவரை பெரும்பாலும் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். பாலஸில் அவற்றை ஆடுகளத்துக்கு நெருக்கமாகக் கீழே கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் அவற்றை வருடக் குத்தகைக்கு எடுக்கும். அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த வருமானம் வந்துவிடும். பிறகு கட்டிய பல அரங்கங்கள் இந்த வழியைப் பின்பற்றின.

அரங்கம் ராசியாகவும் இருந்தது. 1989, 1990 என அடுத்தடுத்து பிஸ்டன்ஸுக்கு இரண்டு பட்டங்கள். முரட்டு ஆட்டத்தால் 'பேட் பாய்ஸ்' என்று பெயர் வாங்கிய அணி அது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். முதல் பட்டம் உறுதியானது லாஸ் ஏஞ்சல்ஸில், இரண்டாவது போர்ட்லாண்டில். சொந்த வீட்டில் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

பாலஸின் தரையில் முதன்முதலில் கூடைப்பந்துப் பட்டத்தை உறுதி செய்தது பெண்கள் அணிதான். ஷாக் 1998-ல் தொடங்கியது. 2002-ல் 9 வெற்றி, 23 தோல்வி என்று படுமோசம். அந்தப் பருவத்தின் நடுவில் பயிற்சியாளராக வந்தவர் பில் லைம்பியர், அதே பேட் பாய்ஸ் அணியில் ஆடியவர். அடுத்த வருடமே 25 வெற்றி, 9 தோல்வி! 2003 செப்டம்பரில், முந்தைய இரண்டு வருட சாம்பியனான லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸை பாலஸில் வீழ்த்தினார்கள். அன்று வந்த கூட்டம் 22,076. பெண்கள் லீக்கில் அதுவரை காணாத எண்ணிக்கை.

2004-ல் பிஸ்டன்ஸ் மூன்றாவது பட்டத்தை வென்றது, இந்த முறை சொந்த அரங்கத்திலேயே. அதே வருடம் நவம்பர் 19-ல் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அடித்துக்கொண்ட அசிங்கமும் அங்கேதான் நடந்தது. பாலஸ் என்றால் பலருக்கு இன்றும் அந்தச் சண்டைதான் ஞாபகம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு இரண்டு தேதிகள்.

2006 செப்டம்பர் 9. ஷாக் அணிக்கும் சாக்ரமெண்டோ மோனார்க்ஸ் அணிக்கும் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம். பாலஸ் காலியாக இல்லை, மரியா கேரியின் இசை நிகழ்ச்சி! ஆட்டத்தை டெட்ராய்ட் நகரின் ஜோ லூயிஸ் அரங்கத்துக்கு மாற்றினார்கள். பிளின்ட் நகரத்துப் பெண்ணான டியானா நோலன் முன்னின்று ஆட, ஷாக் வென்றது. 2008-ல் மறுபடியும் அதே கதை. பாலஸ் கிடைக்கவில்லை. இப்ஸிலாண்டியில் ஒரு பல்கலைக்கழக அரங்கத்தில் ஆடி மூன்றாவது பட்டத்தை வென்றார்கள்.

அரங்க நிர்வாகத்தின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இசை நிகழ்ச்சிகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். இறுதிச்சுற்றுக்கு அணி வருமா என்பது அப்போது தெரியாது. ஆனால் வந்தால் தேவைப்படும் என்று சில நாட்களைக் காலியாக வைப்பதற்கும் ஒரு செலவு உண்டு. எங்கள் பாடத்தில் அதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஆண்கள் அணிக்காக அந்தச் செலவை ஏற்றார்கள். அவர்களின் இறுதிச்சுற்று ஆட்டம் எதுவும் பாலஸிலிருந்து வெளியே போனதில்லை. பெண்கள் வென்றதைக் கதவு எண்ணில் சேர்த்துக்கொண்டார்கள், நாட்காட்டியில் இடம் விடவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆறு பட்டங்களில் டெட்ராய்ட் நகர எல்லைக்குள் வென்றது ஒன்றே ஒன்றுதான். அரண்மனையிலிருந்து அனுப்பப்பட்ட பெண்கள் 2006-ல் வென்றது அது!

2009 மார்ச்சில் டேவிட்சன் காலமானார். கார் தொழில் தள்ளாடிய நேரம், ஏப்ரலில் கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில் ஷாக் கைமாறியது, ஒக்லஹோமாவின் துல்ஸாவுக்குப் போனது. 2016-ல் டெக்சாஸ் சென்று டல்லஸ் விங்ஸ் ஆனது. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படும் வரி எது என்று பார்த்தால், ஒரு நிறுவனம் எதைச் சொந்தமாக நினைத்தது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் பிஸ்டன்ஸும் கிளம்பியது. பணம் மறுபடி நகரின் மையத்துக்குத் திரும்ப, 2017 ஏப்ரல் 10-ல் பாலஸில் கடைசி ஆட்டம். அணி சென்ற லிட்டில் சீசர்ஸ் அரங்கத்தின் செலவு சுமார் 86 கோடி டாலர், அதில் 30 கோடிக்கும் மேல் பொதுப்பணம். புறநகர் அரண்மனை தனியார் காசில் எழுந்தது, நகரத்து அரங்கத்துக்கு 2013-ல் திவாலான ஊரின் பொதுப்பணமும் வேண்டியிருந்தது. பாலஸின் கூரையை 2020 ஜூலை 11-ல் வெடி வைத்து வீழ்த்தினார்கள். வயது வெறும் 31. கட்டிடம் நன்றாகத்தான் இருந்தது, இடம்தான் மதிப்பிழந்துவிட்டது.

2029-ல் டெட்ராய்ட்டுக்கு மீண்டும் ஒரு பெண்கள் அணி வரும் என்று 2025-ல் லீக் அறிவித்தது. நல்ல செய்தி. அந்த அணி எத்தனை பட்டம் வெல்லும் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இறுதிச்சுற்று நடக்கும் நாட்களில் அரங்கத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்களா? நான் முதலில் பார்க்கப் போவது அதைத்தான். உங்கள் ஊரிலும் ஒரு அரங்கம் இருந்தால், அதன் சுவரில் தொங்கும் கோப்பைப் படங்களோடு பதிவுப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.