விசுவாசத்தைக் காக்க வாள் எடுக்கலாமா? வேதாளை தரும் விடை

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கு அருகே உள்ள கடலோர ஊர் வேதாளை. கிறிஸ்தவத்தைக் காப்பதற்காகக் கொல்லலாமா என்ற கேள்விக்குத் தமிழ் மண்ணில் விடை தேடுவோர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுவே. 1538-இன் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியக் கடற்படைத் தலைவர் மார்ட்டின் அபோன்சு டி சோசா, கோழிக்கோட்டு மரைக்காயர்களின் கப்பற்படையை இங்கே முறியடித்தார். அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்புதான் முத்துக்குளித்துறைப் பரதவர் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். புதுக் கிறிஸ்தவர்களைக் காத்த வெற்றி என்று அப்போரைப் போற்றுவோர் உண்டு. முத்துச் சலாபத்தின் வருமானம் யாருக்கு என்பதும் அதே போரில்தான் தீர்மானமாயிற்று. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1549-இல், அதே வேதாளையில் அந்தோனி கிரிமினாலி என்ற சேசு சபைக் குரு, கையில் ஆயுதமின்றி முழந்தாளிட்டபடி ஈட்டிக்கு இரையானார்.

கெத்சமனியின் கட்டளை

ஆண்டவர் பிடிபட்ட இரவில் வாள் வீசப்பட்டதை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதுகின்றனர். வெட்டியவர் பேதுரு என்றும், வெட்டுண்டவர் தலைமைக் குருவின் பணியாளர் மால்கு என்றும் பெயர் சொல்பவர் யோவான் மட்டுமே (18:10). அறுந்த காதைத் தொட்டுக் குணமாக்கியதைக் குறித்து வைத்தவர் லூக்கா மட்டுமே (22:51). அவரை மருத்துவர் என்று மரபு சொல்வதற்கு ஏற்பவே இது அமைந்திருக்கிறது. வாளை உறையில் போடச் சொன்ன கட்டளை மத்தேயுவிலும் (26:52) யோவானிலும் (18:11) இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் காக்கப்பட வேண்டியவர் இறைமகன். வாள் எடுக்க இதைவிடப் பெரிய காரணம் எந்தக் காலத்திலும் எவருக்கும் வாய்க்கப் போவதில்லை. அந்தக் காரணத்துக்கே அனுமதி மறுக்கப்பட்டது.

தம்மை ஏற்காத சமாரிய ஊரின்மேல் வானத்து நெருப்பை வரவழைக்கலாமா என்று கேட்ட யாக்கோபும் யோவானும் கடிந்துகொள்ளப்பட்டனர் (லூக்கா 9:54-55). பிலாத்துவின் முன், தமது அரசு இவ்வுலகைச் சார்ந்ததாக இருந்தால் தம் காவலர் போரிட்டிருப்பர் என்று ஆண்டவர் விளக்கினார் (யோவான் 18:36). பழிவாங்குவதைக் கடவுளிடம் விட்டுவிடச் சொல்லும் புனித பவுல் (உரோமையர் 12:19), அடுத்த அதிகாரத்திலேயே ஆட்சியாளரின் கையில் வாள் இருப்பதை ஒப்புக்கொள்கிறார் (13:4). அந்த வாள் தீமை செய்பவனுக்காக உள்ளது. வேறு சமயத்தானுக்காக அன்று. சீடர்கள் காட்டிய இரண்டு வாள்களை (லூக்கா 22:38) ஆன்மிக அதிகாரம், உலக அதிகாரம் என்று விரித்து, 1302-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் ஆணை வெளியிட்டார். கெத்சமனிக்குப் பின் அந்த வசனத்தின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றுவது பொருந்தாது.

மறைவல்லுநர் வகுத்த எல்லை

புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் போருக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறார்: முறையான அதிகாரம், நீதியான காரணம், நேர்மையான நோக்கம். குருக்கள் எக்காரணம் கொண்டும் போரிடக் கூடாது என்கிறார். தாக்குபவனைத் தடுக்கும்போது அவன் இறக்க நேர்ந்தால், உயிரைக் காப்பதே நோக்கமாகவும் பலம் அளவோடும் இருக்கும்வரை அது குற்றமன்று. ஒருபோதும் விசுவாசத்தை ஏற்காதவரை விசுவசிக்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றும் எழுதுகிறார். 1895-இல் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றிய பின், இளம் சேசு சபையினர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம் இது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. தப்பறைக்காரரை அரசு கொல்லலாம் என்று அதே அக்குவினாஸ் ஒப்பினார். 1099-இல் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமில் நடத்திய படுகொலையை எந்த நிபந்தனையும் நியாயப்படுத்தாது. சமய சுதந்திரம் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளிவர 1965 டிசம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2000 மார்ச் 12-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

மன்னாரும் சவேரியாரும்

1544-இன் இறுதியில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, திருமுழுக்குப் பெற்ற மன்னார்த் தீவு மக்களில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றான். சேசு சபைக் குருவான புனித சவேரியார் உடனே போர்ச்சுக்கீசிய ஆளுநரைக் காண வடக்கே கடற்பயணம் மேற்கொண்டார். அந்த ஆளுநர், வேதாளையில் வென்ற அதே டி சோசா. ஆளுநர் கொண்ட கோபத்தைத் தாமே தணிக்க நேர்ந்ததாகச் சவேரியார் 1545 ஜனவரிக் கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஆனாலும் படையெடுப்பை அவர் விரும்பினார் என்பதில் ஐயமில்லை.

அவரை அவசரப்பட்டுக் குறை சொல்வது சரியாகாது. ஸ்பெயினின் சாலமாங்காவில் இறையியலாளர் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா 1539-இல் ஆற்றிய உரைகளில், சமய வேறுபாடு போருக்குக் காரணமாகாது என்றார். ஆனால் மனம் மாறியவர்களை அரசன் வன்முறையால் பழைய சமயத்துக்குத் திருப்பினால், அவர்களைக் காக்கலாம் என்றும் சேர்த்தார். மன்னார் இந்த விதிவிலக்குக்குள் வரும்.

நடந்தது வேறு. 1545-இல் சவேரியார் நாகப்பட்டினத்தில் படைக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் பர்மாவின் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்ட, சரக்கு சங்கிலியின் கைக்குப் போயிற்று. சரக்கை மீட்பதற்காகப் படையெடுப்பு கைவிடப்பட்டது. 600 உயிர்களின் பேரால் உருவப்பட்ட வாள், ஒரு கப்பல் சரக்குக்காக உறைக்குள் போயிற்று. நீதியான காரணம் இருந்தது. முறையான அதிகாரமும் இருந்ததாகக் கொள்ளலாம். நேர்மையான நோக்கம் வாள் பிடித்த கையில் இல்லை. சவேரியார் மயிலாப்பூருக்குப் போய்த் திருத்தூதர் தோமையாரின் கல்லறை அருகே சில மாதம் செபத்தில் கழித்து, அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

வேதாளையும் ஓரியூரும்

1549-இல் வேதாளைப் போர்ச்சுக்கீசியத் தலைவன் அகழி வெட்டி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் வரி வசூலித்தான். வடுகர் படை திரண்டு வந்ததற்கு அதுவே காரணம். பிறர் புண்ணியப் பயணத்துக்கு விலை வைத்தவன் செய்த பிழைக்கு, கிறிஸ்தவ மக்கள் உயிரைக் கொடுக்க நேர்ந்தது. கிரிமினாலிக்கு அப்போது வயது 29. படகேறித் தப்ப அவரால் முடியும். பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டே கரையில் நின்றார். எதிரிகள் நெருங்கியபோது கைகளை உயர்த்தி முழந்தாளிட்டார். சேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர், சேதுபதி அரியணைக்கே உரிமை கொண்டாடக்கூடிய மறவர் தலைவர். கலகம் மூளுமோ என்று அஞ்சியே கிழவன் சேதுபதி அருளானந்தரை இராமநாதபுரத்தில் கொல்லாமல் ஓரியூருக்கு அனுப்பினார். தடியத்தேவர் அவருக்காகப் பரிந்து பேசினார், வாள் எடுக்கவில்லை. சாவதற்கு முந்தைய நாள் அருளானந்தர் எழுதிய கடிதத்துக்குக் கரியைக் கரைத்த நீரே மை, ஒரு துரும்பே எழுதுகோல்.

1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட புனித தேவசகாயம் பிள்ளையை விசுவாசத்துக்கு அழைத்து வந்த நண்பர் டிலனாய், திருவிதாங்கூர்ப் படையின் தளபதி. பீரங்கியும் படையும் அவர் கையில் இருந்தன. நண்பர் ஆண்டுக்கணக்கில் விலங்கோடு வதைபட்டபோதும் அவை அரசனை நோக்கித் திரும்பவில்லை.

அப்பாவியின் உயிரைக் காக்க, வேறு வழி அற்ற நிலையில், சட்டப்படியான அதிகாரம் அளவோடு பலத்தைப் பயன்படுத்தலாம். கிறிஸ்தவத்தைக் காக்க என்று எவரையும் கொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. எனவே திண்டுக்கல் சமவெளியின் பங்குகளில் இளைஞரை வழிநடத்தும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்: ஒரு குருசடி சேதப்பட்டாலோ, அன்னையின் சுரூபம் உடைக்கப்பட்டாலோ, முதலில் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், அன்று இரவே ஊர் கூடி, உடைத்தவருக்காகவும் சேர்த்துச் செபமாலை சொல்லுங்கள்.