இரண்டு அட்டைகள்

ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஒரு மனிதர், கடைசிக் காலத்தில் இரண்டு அட்டைகளைக் கொண்டு பேசினார். ஒன்றில் 'ஆமாம்', மற்றதில் 'இல்லை'. துள்ளிக்கொண்டே இருக்கும் கை எதைத் தொடுகிறதோ அதுதான் பதில். பிறகு அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கண் இமைதான் பேசிற்று.

அவர் வுடி கத்ரி. அமெரிக்காவில் ஓக்லஹாமா மாகாணத்தில் 1912-ல் பிறந்தவர். புழுதிப் புயலில் வாழ்விழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன ஏழை ஜனங்களின் பாட்டுக்காரர்.

சிறு வயதில் அவர் கண்ட அம்மாவுக்குத் திடீர் திடீரென்று ஆத்திரம் வரும், புத்தி தடுமாறும். ஊரார் பைத்தியம் என்று தீர்த்துவிட்டார்கள். 1927-ல் அவளை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1943-ல் வெளியான 'பவுண்ட் ஃபார் குளோரி' என்ற சுயசரிதையில் மகன் அம்மாவின் கதையை மறைக்காமல் எழுதினார். வியாதியின் பெயரை அதில் எழுதவில்லை. அதே வியாதி தமக்குள்ளும் காத்திருந்தது என்பதையும் அவர் அறியார்.

1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் டாக்டர் விவரித்த அபூர்வ வியாதி அது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி ஆபத்து. பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். அதற்குள் கலியாணமாகிக் குழந்தைகளும் பிறந்திருக்கும். குடும்பங்கள் வாயைத் திறக்காததில் ஆச்சரியம் என்ன?

வுடிக்கும் முதலில் குடிகாரர் என்ற பெயர்தான் கிடைத்தது. 1952-ல் உண்மை தெரிந்தது. ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் கிடந்து, 1967 அக்டோபர் 3-ந் தேதி காலமானார்.

மார்ஜரி நடனக் கலைஞர். மார்த்தா கிரஹாமின் குழுவில் ஆடியவர். வுடியிடமிருந்து விவாகரத்துப் பெற்றவர். ஆனாலும் கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். 1967-லேயே இவ்வியாதியை எதிர்க்க ஒரு சங்கம் தொடங்கினார். கையில் பணமில்லை, வுடியின் பெயரும் கதையும் இருந்தன. "எங்கள் வீட்டில் இது இருக்கிறது" என்று பெயர் பெற்ற ஒரு குடும்பம் சொன்னதும், மறைந்திருந்த குடும்பங்களும் மெல்ல வெளியே வந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் அமைத்த கமிஷனுக்கு அவரே தலைவி. அது பல ஊர்களில் கூடி, குடும்பங்களின் வாய்மொழியைக் கேட்டு, 1977-ல் அறிக்கை தந்தது.

வுடியின் முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு பெண்கள் இதே வியாதியால் 41-வது வயதில் இறந்தார்கள். மார்ஜரி 1983 மார்ச்சில் புற்றுநோயால் காலமானார். அதே வருஷக் கடைசியில், கோளாறு நாலாவது குரோமோசோமில் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். 1993-ல் ஜீனே அகப்பட்டது. அதற்கு வழிகாட்டியவை வெனிசுவேலாவில், மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்கள் தந்த இரத்தமும் வம்சாவளியும்.

குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் பைத்தியம், குடிகாரன் என்ற பழிப்பெயர்கள் போய், வியாதிக்கு அதன் சொந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. அம்மாவைப் பற்றி வெட்கப்படாமல் எழுதிய மகனுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.