பெண்கொடுமையும் சாதியமைப்பும்: ஒரு சமூகவியல் நோக்கு

பெண்ணொருத்தி அடிக்கப்பட்டாள் என்று கேள்வியுறும்போது, அடித்தவன் குடிகாரன், முன்கோபி என்று சொல்லி அப்பால் நகர்ந்துவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. ஆனால் ஒரே வகையான கொடுமை, ஒரே நிலையிலுள்ள பெண்கள்மீது, நூற்றாண்டுக் கணக்கில் நிகழ்ந்து வருமானால், அதற்குத் தனியொருவனின் குணம் மட்டுமே காரணமாக இருத்தல் இயலுமா? இவ்வினாவை எழுப்புவதே சமூகவியல் நோக்கின் முதற்படி. இப்படியை நமக்கு முன்னரே ஏறிக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர்.

1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் அறிஞரின் ஆய்வு வகுப்பில், இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கும் முறைபற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. (இன்று நம் சங்கத்தின் வயதும் அதுவே.) மறு ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில் அது அச்சேறியது. சாதியைப் பற்றிய கட்டுரை என்றே நம் இளைஞர் அதனை அறிவர். அதன் நடுப்பகுதி பெண்ணைப் பற்றியது என்பதைக் கவனித்தவர் சிலரே.

அவர் காட்டும் கணக்கு மிக எளியது. சாதியின் உயிர்நாடி அகமணம், அதாவது தன் கூட்டத்திற்குள்ளேயே கொண்டு கொடுத்தல். ஒரு கூட்டம் தன் கதவை அடைத்துக்கொண்டு இவ்வாறு வாழவேண்டுமானால், அதனுள் மணத்திற்குரிய ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே நாளில் இறப்பதில்லை. கணவன் இறந்தால் ஒரு பெண் மிகுதியாகிறாள். மனைவி இறந்தால் ஓர் ஆண் மிகுதியாகிறான். மிகுதியான பெண்ணை என்ன செய்வது? அவள் வெளியே மணந்தால் வேலி உடையும். உள்ளே மறுமணம் புரிந்தால் ஒரு கன்னிக்குரிய மணமகன் குறைவான். ஆகவே கணவனோடு அவளை எரித்துவிடலாம். அல்லது உயிரோடு வைத்துக் கைம்மையில் பூட்டலாம். மிகுதியான ஆணை எரிக்க மனம் வரவில்லை. அவன் கூட்டத்திற்கு வேண்டியவன். துறவியாக்கினாலோ கூட்டம் பெருகாது. ஆகவே இன்னும் மணப்பருவம் எய்தாத சிறுமியர் வரிசையிலிருந்து அவனுக்கு ஒரு மணமகளைக் கொணர்ந்தனர். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் சாதியின் வேலியைக் காக்க நட்ட முட்கள் என்பது அண்ணலின் முடிபு. இவற்றைக் கற்பென்றும் தியாகமென்றும் புகழ்ந்த சொற்கள் பின்னர்ப் பூசப்பட்ட வண்ணம் என்கிறார் அவர். அவருக்கு முன்பும் இக்கொடுமைகளைக் கண்டித்தோர் பலர் உண்டு. ஆயினும் கொடுமைக்கும் சாதிக்கும் உள்ள கயிற்றை இத்துணைத் தெளிவாகப் பிடித்துக் காட்டியவர் அவரே என்பது எம் கருத்து.

வேலிக்குள் இருந்த பெண்ணின் நிலை இதுவாயின், வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் பெண்டிரின் நிலை என்ன? உள்ளிருப்பவளைப் பூட்டிவைத்த அதே ஏற்பாடு வெளியிலிருப்பவளைக் காவலற்றவளாக ஆக்கிற்று. மனுநூலின் எட்டாம் அத்தியாயத்தைப் படித்தோர், பெண்ணைக் கெடுத்த குற்றத்திற்குத் தண்டனை ஆண் இன்ன வருணம், பெண் இன்ன வருணம் என்று பார்த்தே அளக்கப்படுவதை அறிவர். மேலோனுக்குப் பணத்தண்டம் போதியதாகும் இடத்தில் கீழோனுக்கு உயிரே விலை. அந்நூலை 1927 டிசம்பர் 25-ஆம் நாள் மகாத் மாநாட்டில் எரித்தனர். அம்மாநாட்டிற்கு வந்திருந்த பெண்களிடம் அண்ணல் தனியே உரையாற்றியபோது, தீண்டாதார் என்று அடையாளம் காட்டும் புடைவைக்கட்டையும் கனத்த அணிகளையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். உடை சிறு செய்தி என்று எண்ணற்க. இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கிய திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டனர். 1859-இல் அரசு இணங்கியபோதுங்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற தடையை விடவில்லை.

மகாத் நிகழ்ச்சிக்குச் சரியாக 41 ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 25-ஆம் நாள், 1968-இல், தஞ்சைத் தரணியின் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. பூசல் கூலி பற்றியது. தீ விழுந்ததோ அடைக்கலம் தேடி ஒடுங்கிய தாய்மார்மீது. தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

நீதிமன்றம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1972-இல் மகாராட்டிரத்தில் காவல்நிலையத்திற்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமி கெடுக்கப்பட்டாள். அவள் உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று காரணங்காட்டி, உச்சநீதிமன்றம் காவலர் இருவரையும் விடுதலை செய்தது. 1979-இல் சட்டப் பேராசிரியர் நால்வர் இத்தீர்ப்பைக் கண்டித்துத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் பெண்கள் கிளர்ந்தனர். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆயினும் 2006 செப்டம்பரில் அதே மகாராட்டிரத்தின் கயர்லாஞ்சியில் நம்மவர் குடும்பத்துத் தாயும் மகளும் இரு மகன்களும் கொல்லப்பட்ட வழக்கில், குற்றவாளிகளைத் தண்டித்த நீதிமன்றங்கள் அச்சட்டத்தைப் பொருத்த மறுத்துவிட்டன. சாதியைக் காணாத கண்ணுக்கு அங்கே நடந்தது வெறும் கொலையாகவே தோன்றிற்று.

இதுவரை பிறர் செய்தவற்றைச் சொன்னோம். இனி நம் பக்கம் திரும்புவோம். இதனை எழுதக் கை சற்றுக் கூசுகிறது. அண்ணலின் கட்டுரையில் மற்றுமொரு கருத்துண்டு. மேலுள்ளோரின் வழக்கங்களைக் கீழுள்ளோர் போலச்செய்தலால்தான் சாதி பரவியது. உயர்நிலைக்கு அணுக்கமாக உள்ள சாதிகள் பெண்ணைப் பூட்டும் வழக்கங்களை இறுகப் பற்றின. தொலைவிலிருந்தோர் தளர்த்தியே பற்றினர் என்பது அது. நம் தெருக்களில் முன்னாளில் மணமகன் வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் எடுத்ததையும், தாலியிழந்தவள் அறுத்துக் கட்டிக்கொண்டு வாழ்ந்ததையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணவனின் அடி அன்றும் இருந்தது. அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் புனையவில்லை. ஆனால் பிரிந்துபோகவும் மீண்டும் வாழவும் அவளுக்கொரு வழி இருந்தது. பின்னர் நம் பிள்ளைகள் படித்தனர், உத்தியோகம் பெற்றனர். பரிசம் நின்றது, வரதட்சணை நுழைந்தது. 1961-இலேயே அதற்குத் தடைச்சட்டம் வந்தும், படித்த மாப்பிள்ளையின் விலை ஏறிற்றேயன்றி இறங்கவில்லை. அறுத்துக் கட்டுதல் கேவலமாயிற்று. 'நம் வீட்டுப் பெண் வெளியே வரமாட்டாள்' என்பது பெருமையாயிற்று. நம்மை வெளியே தள்ளிய வேலியின் முட்களைப் பொறுக்கி வந்து நம் வாசலிலேயே நட்டுக்கொண்டோம். கல்விச் சங்கம் நடத்தும் நாம் இதனை மறைத்தல் தகாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். அவ்வெண்ணில் நம் சகோதரியரும் உளர்.

நம் பெண்கள் இதற்குத் தீர்வு தேடாமல் இருந்தவர்களல்லர். 1942 சூலை 20-ஆம் நாள் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட மகளிர் மாநாட்டில் 20,000-க்கு மேற்பட்ட பெண்கள் திரண்டனர். மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழியவேண்டும், ஆலைப் பெண்களுக்கு விடுப்பும் பெண் மேற்பார்வையாளரும் வேண்டும், மாணவியர்க்கு விடுதிகள் வேண்டும் என்று தீர்மானங்கள் நிறைவேற்றினர். மனைவி கணவனுக்கு அடிமையாக இசையாமல் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்கவேண்டும் என்று அங்கே அண்ணல் கூறினார். மணவிலக்கையும் மகளின் சொத்துரிமையையும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் நிலைநாட்ட முயன்று, அது கிடப்பில் போடப்பட்டதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக்கி 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். அப்பெண்களின் தீர்மானங்களுள் பெரும்பகுதி பிற்காலத்தில் சட்டமாயிற்று. அவர்களின் பெயர்களோ நம் மேடைகளில் ஒலிப்பதில்லை. மராத்தியில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அண்ணலின் இயக்கத்தில் நின்ற பெண்களை வீடு வீடாகத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு ஒரு நூலாகத் தொகுத்தனர்.

அத்தகைய பணி நம் ஊர்களில் தொடங்கப்பட வேண்டியுள்ளது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ மாணவியர் தத்தம் பாட்டிமாரிடம் சில வினாக்கள் கேட்டு வருக: நம் தெருவில் பரிசம் எப்போது நின்றது? முதல் வரதட்சணை யார் வீட்டில் கேட்கப்பட்டது? அறுத்துக் கட்டிக்கொண்ட கடைசிப் பெண் யார்? அடி தாங்காமல் தாய்வீடு வந்தவளை நம் பஞ்சாயத்து என்ன சொல்லித் திருப்பி அனுப்பியது? விடைகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிச் சங்க நூலகத்தில் சேர்ப்பிக்கலாம். பெயர் வெளியிட விரும்பாதவர் பெயரை விட்டு எழுதுக. அதற்கென ஒரு பேரேடு அங்கே திறந்து வைத்திருக்கிறோம்.